ரிப்போர்ட்டில் வராத வலி

என் மனைவிக்கு முடக்குவாதம் வந்த முதல் வருஷம், பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எலப்புள்ளியில் எங்களுக்கு வயலும் மூன்று கறவை மாடுகளும் உண்டு. பால் கறப்பது அவள்தான். விரல் மடங்காமல் அவள் பட்ட பாட்டைப் பார்த்திருந்ததால், எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைப்பு.

வாரம் ஒருநாள் போடும் மாத்திரையை ஆரம்பித்து நான்கு மாதத்தில் கைவீக்கம் வற்றியது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. டாக்டரம்மா விரல்களையும் மணிக்கட்டையும் முழங்காலையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, மருந்து நன்றாகக் கேட்கிறது என்றார். நான் முந்திக்கொண்டு, இப்போது தொந்தரவே இல்லை என்றேன்.

"ஏனுங்க, நானே சொல்றனுங்க" என்றாள் அவள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "கை தேவலைங்க. பாதந்தான் ஆகறதில்லீங்க. காத்தால எந்திரிச்சுக் கால ஊனுனா, கல்லு மேல நிக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

எனக்கே அது புதிது. அவள் சுவரைப் பிடித்தபடி மாட்டுக்கொட்டகைக்குப் போகும் நேரத்தில் நான் மோட்டார் போட வயலுக்குப் போயிருப்பேன்.

பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்தாள். தினமும் கிழித்த தாளின் பின்பக்கம், எத்தனை மணிக்கு வலியில்லாமல் நடக்க முடிந்தது என்று எழுதி வைத்திருந்தாள். பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரை. எட்டாவதோடு படிப்பை விட்டவள், ஒருநாள் கூட விடவில்லை.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி விரல்களின் அடிப்பக்கத்தை அமுக்கினார். அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஸ்கேனில் உள்வீக்கம் தெரிந்தது.

"சேச்சி பறஞ்சதுதான் சரி. காலை நான் நோக்கவே இல்ல" என்றார் டாக்டரம்மா, மலையாளம் கலந்த தமிழில். அப்படி ஒப்புக்கொள்ளவும் ஒரு மனது வேண்டும்.

இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். மூன்று மாதத்தில் தாள்களில் ஒன்பது போய் ஏழு வந்தது, பிறகு ஆறரை. அசதி மட்டும் குறையவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னாள். மருந்தால் அது முழுக்கப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அவள் தலையாட்டினாள்.

மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்கிறாள். சாயங்காலக் கறவை இப்போது என்னுடையது. அவளுக்கு விடுகிற அளவு பாலை மாடுகள் எனக்கு விடுவதில்லை.