மஞ்சள் துணி கட்டிய கிடா

என் வீட்டுக்காரர் இரண்டு குட்டிகளையும் ஒரே அரிசிச் சாக்கில் இறக்கி, தலைகள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வாயைச் சுற்றிக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தார். ஜெராமிலிருந்து அசாம் ஜாவா என்ற ஊரைத் தாண்டி எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேரும்வரை அவை வாயை மூடவே இல்லை. சாலையோரக் காப்பிக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதி வழியில் என் புடவை நனைந்தது. "ரெண்டுல எது?" என்று அவர் முன்னாலிருந்து கேட்டார். "ரெண்டும்தான்" என்றேன்.

தாய் ஆடு செத்துப்போய்விட்டதால் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து அம்மா ஒருத்தி கொடுத்த குட்டிகள் அவை. ஒன்று கிடா, ஒன்று பெட்டை. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. அவர் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனையில் குலை வெட்டப் போய்விட்டால், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் நான் தனியாக இருப்பேன். ரவாங் டவுனில் கலகலப்பாக வளர்ந்தவள் நான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் நான் சுவரோடு பேச ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் அவர் ஆடு வாங்கிவந்தார் என்று நினைக்கிறேன். வாயைத் திறந்து அப்படிச் சொல்கிற மனுஷன் இல்லை அவர்.

குட்டிகள் தட்டில் வைத்த பாலைத் தொடவில்லை. கடையில் போய்ப் பால் புட்டி ஒன்று கேட்டேன். கடைக்காரர் முகமெல்லாம் பல்லாக, "விசேஷமா?" என்றார். ஆட்டுக்கு என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, பால் பவுடரைக் கரைத்து ஊட்டினேன். பெட்டை சமர்த்தாகக் குடித்தது. கிடா முட்டி முட்டிக் குடித்ததில் புட்டியின் ரப்பர் இரண்டே நாளில் கிழிந்தது. மறுபடியும் அதே கடைக்குப் போக வேண்டியிருந்தது.

கொல்லைப்புறத்தில் பழைய பலகைகளை வைத்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் அவர் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். நாய்களுக்குப் பயந்து குட்டிகளைக் கட்டித்தான் வைக்க வேண்டும். பெட்டை சுருண்டு படுத்துக்கொள்ளும். கிடாவோ நாள் முழுக்கக் கயிற்றை இழுத்து, மூன்றாம் நாள் கழுத்தைச் சுற்றிப் புண்ணாக்கிக்கொண்டது. ஈ மொய்த்தது. மஞ்சளை அரைத்துப் பூசி, வேட்டித் துணியில் கிழித்த ஒரு துண்டையும் அதே மஞ்சளில் முக்கிக் கழுத்தில் கட்டிவிட்டேன். என் அறிவுக்கு எட்டிய வைத்தியம் அது.

அதற்குப் பிறகு லயத்தில் எல்லாருக்கும் எங்கள் கிடாவின் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுப் பலா இலையை ஒடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆடு மாடு என்றாலே எரிந்து விழுகிற, எஸ்டேட் வேலையை மேற்பார்க்கும் மண்டோர், தன் கீரைப் பாத்தியை அது மேய்ந்ததைப் பார்த்தும் பேசாமல் போனார். டவுன்காரிக்கு ஆடு வளர்க்கத் தெரியுமா என்று கேட்டவர்கள்தானே, இப்போது வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து நாளில் புண் ஆறியது. துணியை அவிழ்த்து எறிந்தேன்.

குட்டிகள் வளர்ந்தன. கிடாவுக்கு நான் எங்கே போனாலும் கூடவே வர வேண்டும். துணி துவைத்தால் பக்கத்தில் நிற்கும், கோலம் போட்டால் மாவை நக்கும், நான் உட்கார்ந்தால் தலையை என் மடியில் வைக்கும். சுவரோடு பேசுவதை நான் எப்போதோ விட்டுவிட்டிருந்தேன்.

ஆடி மாதம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு நாள் தள்ளிப்போனது. எஸ்டேட் முழுக்கச் செய்தி பரவிய மறு வாரம் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து, காப்பி குடித்து, கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்து, "கிடா நல்லா திரண்டிருக்கும்மா. முனியாண்டி கேட்டத குடுத்துட்டாரு. இந்தத் திருவிழாவுல நாமளும் குடுத்துறணும்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். எங்கள் எஸ்டேட்டில் ஆட்டின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டினால் அது முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட ஆடு. பிள்ளை வேண்டி நான் நேர்ந்துகொண்டதாக மொத்த லயமும் அன்றைக்கே முடிவு கட்டியிருக்கிறது. அக்காவின் பலா இலையும் மண்டோரின் பொறுமையும் எனக்காக இல்லை, சாமி ஆட்டுக்காக.

"அது புண்ணுக்குக் கட்டுனதுங்க. நான் யாருக்கும் நேந்துக்கல" என்றேன்.

"கட்டுனது நீயா இருக்கலாம்மா. கட்ட வச்சது அவரு. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு வேணாம்லா இந்தப் பேச்சு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பாம்பு வந்தால் காலால் தள்ளிவிட்டுக் குலை வெட்டுகிற ஆள், முனியாண்டி கோயிலைத் தாண்டும்போது மட்டும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். தலையைக் குனிந்துகொண்டு, "குடுத்துருவோம்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் ஒரு பக்கம். எனக்கும் பயம் வந்துவிட்டதுதான் அதைவிடப் பெரிய கோபம். மூன்று வருஷத்துக்கு மேல் காத்துக் கிடைத்த பிள்ளை. ஏதாவது ஆகிவிட்டால்?

ஒரே ஒரு வழி இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். மூன்று முறை ஊற்றியும் சிலுப்பவில்லை என்றால் அதை வெட்ட மாட்டார்கள். ஆனால் தண்ணீர் பட்டால் சிலுப்பாத ஆடு உலகத்தில் உண்டா?

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் கிடாவைக் குளிப்பாட்டினேன். ஒரு சொம்பு ஊற்றி, முதுகில் கையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அசையாமல் நின்றால் ஒரு பிஸ்கட். முதல் வாரம் என்னைத்தான் குளிப்பாட்டியது. இரண்டாம் வாரம் யோசித்தது. மூன்றாம் வாரம் நான் கையை எடுத்த பிறகும் பிஸ்கட்டுக்காக அப்படியே நின்றது. லயத்துப் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்து, சாமி ஆட்டை இவ்வளவு பக்தியோடு யார் குளிப்பாட்டுவார்கள் என்று மெச்சினார்கள். நான் பக்தியோடுதான் இருந்தேன். ஒவ்வொரு சொம்புக்கும், 'பிள்ளையையும் கொடு, இவனையும் விட்டுவிடு' என்று முனியாண்டியைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

திருவிழா அன்று, பிள்ளைத்தாச்சி பலியைப் பார்க்கக் கூடாது என்று என்னைத் தூரத்தில் செம்பனை மரத்தடியிலேயே நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் கயிற்றைப் பிடித்துக் கூட்டத்துக்குள் போனார். எனக்கு மனிதர்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. உடுக்கைச் சத்தம் நின்றது. தண்ணீர் விழும் சத்தம். ஒன்றுமில்லை. மறுபடியும் தண்ணீர். பூசாரி ஏதோ சொல்லிக் கத்தினார். மூன்றாவது சொம்புக்குப் பிறகு கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. தலைவரின் குரல் கேட்டது: "அவருக்கு வேணாமாம். கொண்டு போப்பா."

கூட்டம் விலக, என் வீட்டுக்காரர் கிடாவை நடத்திக்கொண்டு என்னிடம் வந்தார். மூன்று பேருமாக லயத்தைப் பார்த்து நடந்தோம். யார் கண்ணுக்கும் தெரியாத செம்பனை வரிசைக்குள் வந்ததும், என்னை நிமிர்ந்து பார்த்த கிடா, கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் என் முகத்திலும் அவர் சட்டையிலும் தெறித்தது.

இரண்டு பேரும் நின்றுவிட்டோம். அவர் கை கயிற்றில் இறுகியது. இப்போது திரும்பிக் கோயிலுக்குப் போகலாம், போனால் ஏற்றுக்கொள்வார்கள். அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு கிடாவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, முதலில் என் முகத்தைத் துடைத்தார், அப்புறம் அதன் முதுகைத் துடைத்தார்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

மீதி ஆறு மாதமும் இடுப்பில் ஒரு சுளுக்கு விழுந்தால்கூட எனக்கு உயிர் போய் உயிர் வரும். அவரிடம் சொன்னதில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். தலைப் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த என் வீட்டுக்காரர் தொட்டிலின் பக்கம் வராமல் வாசலிலேயே நின்று, "அழுதுச்சா?" என்று நர்ஸிடம் கேட்டார். நன்றாக அழுதது என்று சொன்னதும்தான் உள்ளே வந்தார். வந்தவர் குழந்தையைத் தூக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தனை மாதமும் அந்த மனுஷன் என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.