தட்டோடு வந்த பதில்

கணினியில் மொழி மாதிரிகளைப் பழக்குவது என் வேலை. கேள்வியையும் பதிலையும் ஒரே சரமாகக் கோத்துக் கொடுப்போம். எந்தச் சொல் எதைச் சேர்ந்தது என்று மாதிரிக்குத் தெரிய, கேள்வியின் ஒவ்வொரு சொல்லோடும் பூஜ்ஜியம் என்ற குறி சேரும்; பதிலின் ஒவ்வொரு சொல்லோடும் ஒன்று. இன்று காலை திரையில் பதில் முழுக்கக் கேள்வியின் குறியோடு, பூஜ்ஜியமாக நின்றது. எனக்குச் சின்ன வயதின் தகரச் சத்தம் கேட்டது.

மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், நாங்கள் மேல் லைனில் இருந்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ் லைன். மூடுபனி இறங்கினால் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே புரியாது. அதனால் மேல் லைன்காரர்கள் மட்டும், சொல்லுக்கு ஒரு தட்டாகத் தகரத்தைத் தட்டிக்கொண்டே பேசுவார்கள்.

மூடுபனி இறங்கிய ஒரு சாயங்காலம் ஈரத் தேயிலையும் விறகுப் புகையும் மணக்க, எங்கள் லைன் மொத்தமும் குழாயடியில் நின்றது. கீழ் லைனில் இருந்த சித்தியை அம்மா தட்டிக்கொண்டே கூப்பிட்டாள்.

"செல்வி, சோறு ஆக்கிட்டியா?"

"ஆக்கிட்டேன்க்கா, வாரேன்."

சித்தியின் குரல்தான். சொல்லுக்குச் சொல் தட்டும் கேட்டது.

"சித்தி நம்ம பக்கம் வந்துட்டாகளாம்மா?" என்றேன்.

"நம்ம பக்கத்து ஆளுக பூராம் இங்கனதான நிக்கிறோம்" என்ற அம்மா, என்னை வீட்டுக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் ஜீப்பில் வந்து இறங்கிய சித்தி, "நேத்தெல்லாம் நான் சின்னமனூர் ஆஸ்பத்திரியிலதான இருந்தேன்" என்றாள்.

இன்றைய பூஜ்ஜியங்கள் என் தப்பு. ஒரு வரியைத் திருத்தியதும் சரியாகிவிட்டது. அன்று எங்கள் குறியை எடுத்துக்கொண்டு பேசியது யார் என்ற பேச்சை மட்டும், அம்மாவும் சித்தியும் இன்றுவரை எடுத்ததில்லை.