சருகு மூடிய மலைப்பாதையில் என் மனைவி

எண்பதுகளின் ஆரம்பம் அது. சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டை ஒட்டிய ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் குழந்தைகள். என் மனைவிக்குப் பிறந்த ஊர் திருச்செங்கோடு பக்கம். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாததால் தோட்டத்து டிராக்டரையும் அவள் அப்பாவின் பழைய ஜீப்பையும் அவளே ஓட்டிப் பழகியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடச் சந்தர்ப்பம் வரவில்லை. எங்களிடம் சைக்கிள்தான் இருந்தது.

தை பிறந்துவிட்டால் அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். எங்கள் தெருமுனையில் ஒரு பாதாம் மரம் உண்டு. அதன் இலைகள் ஒவ்வொன்றாகச் சிவந்து விழும்போது, கடைக்குப் போகிறவள் பையில் கத்தரிக்காயோடு நாலு இலையும் சேர்த்துக் கொண்டுவருவாள். மாலையில் எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டுவாள். அதுவரை பச்சையாக இருந்த மலைச்சரிவு மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகி, நடுநடுவே நெருப்பு வைத்த மாதிரி ஒரு மரம் தெரியும். "பூவுக்குக் கூட இந்த நெறம் வராதுங்க" என்பாள்.

அந்த வருடம் பொங்கலுக்கு நாமக்கல்லில் இருந்து என் அக்கா வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் வைத்துக்கொண்டு மலைக்குப் போகலாம் என்றதும் அக்கா, கோயிலுக்கா என்று கேட்டாள். இல்லை, இலை உதிர்வதைப் பார்க்க என்றேன்.

"எல பாக்கறதுக்குக் கார் வெச்சுட்டுப் போறவங்கள இப்பத்தான் பாக்கறேன் சாமி" என்று சிரித்தாலும் முதல் ஆளாகக் கிளம்பி நின்றது அக்காதான்.

அம்பாசிடர் கார். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். மனைவி கேட்ட இடத்தில் எல்லாம் முகம் சுளிக்காமல் நிறுத்தினார். கீழ்மலையில் தேக்கு இலைகள் அப்பளம் போலக் காய்ந்து கிடந்தன. வாகை மரங்களில் இலையே இல்லை, நெற்றுகள் மட்டும் காற்றில் சலசலத்தன. பேர் தெரியாத ஒரு மரம் உச்சி முதல் அடி வரை ரத்தச் சிவப்பாக நின்றது. அக்காகூட அதன் அடியில் கிடந்த இலை ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பாதி மலைக்கு மேலே ஒரு வளைவில், குழந்தைகள் சருகுக் குவியலில் குதித்து விளையாட இறங்கினோம். எங்களுக்குக் கீழே, பாறை ஓரத்தில் உல்லாசப் பயணம் வந்த யாரோ சருகைக் கூட்டித் தீ மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். புகை மெதுவாக மேலே ஏறியது. பாறைக்கு அடியில் தேன்கூடு இருந்தது எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

டிரைவருக்குத்தான் முதலில் அந்த இரைச்சல் காதில் விழுந்தது. "வண்டிக்குள்ள போங்க" என்று ஒரே சத்தம். தோளில் கிடந்த துண்டைச் சின்னவள் தலையில் போட்டு, இரண்டு பிள்ளைகளையும் கைக்கொருவராகத் தூக்கி, பின்சீட்டில் தள்ளினார். நாங்களும் ஓடி ஏறினோம். ஒவ்வொரு கதவாகச் சாத்தி, கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் அவர் ஏறினார். அதற்குள் மலைத்தேனீக்கள் அவர் முகத்தையும் கழுத்தையும் மூடிவிட்டன.

அப்படியே வண்டியைக் கிளப்பி, திருப்பி, கீழ்நோக்கி ஒரு வளைவு தாண்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே வந்த தேனீக்களை நானும் அக்காவும் துண்டால் அடித்து முடித்தோம். எனக்கும் நாலைந்து கொட்டு. குழந்தைகள் மேல் ஒன்றுகூட இல்லை.

"கண்ணு தெரியலீங்க" என்றார் டிரைவர். இரண்டு இமைகளும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. உதடு தடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அடுத்த பஸ் எப்போது வரும் என்றும் தெரியாது.

மனைவி அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, அந்தப் பக்கம் சுற்றிப் போனாள். "காத்துட்டு இருந்தா ஆகாதுங்க. அண்ணா, நீங்க நடுவுல நவுந்துக்கங்க. நான் ஓட்டறேன்."

"டிராக்டர் ஓட்டறதும் மலையில கார் ஓட்டறதும் ஒண்ணா? லைசென்ஸும் இல்லையே கண்ணு" என்று அக்கா பதறினாள்.

"கீழ போய் வாங்கிக்கலாங்க அக்கா" என்றாள் இவள். நான் முன்சீட்டில், டிரைவருக்கு இந்தப் பக்கம் ஜன்னலோரமாக வந்து உட்கார்ந்தேன்.

அவள் ஓட்டிய ஜீப்பில் கியர் கீழே தரையில் இருக்கும். அம்பாசிடரில் ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்தது. டிரைவர் கண் தெரியாமலே தடவி, கியர் தண்டின் மேல் இருந்த அவள் கையைப் பிடித்து இரண்டாவது கியர் எங்கே விழும் என்று ஒரு முறை காட்டினார். "இதுலயே போங்கம்மா. மாத்த வேண்டாம். பிரேக்கை மிதிச்சே வெச்சிருக்காதீங்க" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

இறங்கும்போதுதான் ஒன்று புரிந்தது. காலையில் நாங்கள் ரசித்த அத்தனை சருகும் ரோட்டில் காற்றால் சேர்ந்து கிடந்தது. தார் எங்கே முடிகிறது, சரிவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மனைவி என்னை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓரத்தைப் பார்க்கச் சொன்னாள். "இன்னும் எடம் இருக்கு... இருக்கு... போதும்" என்று நான் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஹாரன் அடித்து, நிதானமாகத் திருப்பினாள். அவள் அவசரப்படவே இல்லை. பின்னால் அக்கா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இவள் மலையை ஒட்டி ஒதுக்கி, கைபிரேக்கை இழுத்து நிறுத்தினாள். பஸ் எங்களை உரசுகிற மாதிரி கடந்தது. அதன் டிரைவர் ஸ்டீயரிங்கில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். நான் சும்மா தலையை ஆட்டினேன். அந்தப் பயத்திலும் எனக்குள் ஒரு கர்வம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

அடிவாரம் வந்ததும்தான் கியரை மாற்றினாள். முதல் முறை கரகரவென்று கத்தியது, அடுத்த முறை விழுந்தது. அஸ்தம்பட்டியில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தியபோது டிரைவரின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. டாக்டர் உடனே ஊசி போட்டு, கொஞ்சம் மூச்சு சீரானதும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் தொண்டை அடைத்திருக்கும்" என்றார். யார் ஓட்டிவந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எங்கூட்டுப் பொண்ணுங்க."

அதன் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அக்கா இந்தக் கதையைச் சொல்லாமல் வந்ததில்லை. அவள் சொல்லும்போது வளைவுகளின் எண்ணிக்கை வருடா வருடம் கூடிக்கொண்டே போனது. மனைவியிடம் கேட்டால், "இறங்கறப்ப ஒரு எலகூடப் பாக்க முடியலீங்க" என்று மட்டும்தான் சொல்வாள். மாசி முடிவதற்குள் முறைப்படி விண்ணப்பித்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஓட்டிக் காட்டச் சொன்ன அதிகாரி, அவள் ஒரு சுற்று முடிப்பதற்குள்ளேயே போதும் என்று சொல்லிவிட்டாராம்.

டிரைவர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடினார். நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனபோது என் மனைவிக்கு அவர் நன்றி சொல்ல, என் பிள்ளைகளுக்காக நான் அவருக்கு நன்றி சொல்ல, யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அடுத்த தையில் அவரே வண்டியோடு வாசலில் வந்து நின்றார். மலைக்கு ஏறும்வரை அவர் ஓட்டினார். இறங்கும் நேரம் சாவியை என் மனைவியிடம் நீட்டிவிட்டு, "நீங்க வாங்கம்மா, நான் இன்னிக்கு வேடிக்கை பாக்கறேன்" என்று பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

இன்றுவரை நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. கேட்பவர்களிடம், என் மனைவி ஓட்டுவாள் என்று நான் சொல்லும்போது சிலர் கேலியாகப் பார்ப்பதுண்டு. பார்க்கட்டும், ஒரு மனிதரின் உயிரையும் என் குடும்பம் முழுவதையும் இரண்டு கைகளில் பிடித்து மலையிலிருந்து இறக்கியவளின் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்வதைவிடப் பெரிய கௌரவம் எதுவும் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.