ஐந்தாவது செப்புக்காசு

நான் இனி சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்று பொழுது சாய்வதற்குள் விழட்டும். மேலே மூன்று, கீழே ஒன்று. பன்றிக்கறி கடிக்க உதவுவது அந்தக் கீழ்ப்பல்தான். அதையும் சேர்த்தே பணயம் வைக்கிறேன். 2019 ஜூன் மாதம், எங்கள் தீவில், ஹயூயா என்ற மலையூரிலிருந்து போன்சே நகரத்துக்கு இறங்கும் மலைப்பாதையில், பட்டப்பகலில் நடந்தது இது. நேரங்களையும் சரியாகக் கொடுத்திருக்கிறேன்.

எலியூத் பச்சேக்கோவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அவரிடம் ஒரு மஞ்சள் மாஸ்டா இருந்தது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, ஸ்டியரிங் இடது பக்கம். அவர் அதைக் கிளப்பினால் மலைக்கு அந்தப் பக்கத்துக் கோழிகள் ஒரு வாரம் முட்டையிடாது. காரை ஓட்டியவர் எலியூத். அது எப்போது ஓடலாம் என்று முடிவு செய்தவர் அவர் மனைவி நெரெய்தா.

மாதத்தின் முதல் ஞாயிறன்று, கோயிலுக்குக் கிளம்புமுன், நெரெய்தா ஒரு சென்ட் செப்புக்காசை எடுத்துக்கொண்டு காரருகே மண்டியிடுவார். காசில் இருக்கும் லிங்கனைத் தலைகீழாகப் பிடித்து டயர் பட்டனின், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் வரிகளின், பள்ளத்தில் சொருகுவார். உச்சிமுடி பள்ளத்துக்குள் மறைந்தால் டயருக்கு இன்னும் ஆயுள் உண்டு. தலை முழுதாகத் தெரிந்தால் மாற்றியாக வேண்டும்.

"முடி தெரிஞ்சா நான் ஏறமாட்டேன்" என்பார். ஏறவும் மாட்டார். சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கே அப்படித்தான் வேனில் போய் இறங்கினார்.

2018 அக்டோபரில் நெரெய்தா இறந்துபோனார்.

எலியூத் அழவில்லை. காப்பி அவர் வாயில் வெந்நீராக இறங்கியது. எஞ்சினில் கை சுட்டால், கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டதுபோல் யோசித்துவிட்டு, "இருக்கேன்" என்பார். முதல் ஞாயிறுகள் வந்தன, போயின. டயரை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், யாரெலிஸ். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, போன்சேயில் அவளுக்குக் கல்யாணம். அம்மா உட்கார்ந்த இருக்கையில் உட்கார்ந்து, அப்பா ஓட்ட, மலையிறங்கிக் கோயில் வாசலில் போய் நிற்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, காரின் வருடாந்தரப் பரிசோதனை பாக்கியிருப்பது எலியூத்துக்கு நினைவு வந்தது. நேரே செகியின் டயர் கடைக்குப் போனார். செகி யாரெலிஸின் ஞானத்தந்தை. அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

செகியின் கடைச் சுவரில், ரிம்மோடு சேர்த்து, நான்கு நல்ல டயர்கள் எப்போதும் தொங்கும். அவை விற்பனைக்கு அல்ல. பரிசோதனைக்குப் போகிற கார்களுக்கு மாட்டிவிடுவார். கண்ணாடியில் புது ஸ்டிக்கர் ஒட்டியதும், கார் திரும்பி வந்து பழைய டயர்களை மாட்டிக்கொண்டு போகும். அந்தப் பேட்டையில் பாதிக் கார்கள் இந்த நான்கு டயர்களில்தான் தேர்வு எழுதிப் பாஸாயின. இதை ஏமாற்று என்று அங்கே யாரும் சொல்வதில்லை. உதவி என்பார்கள்.

செகி முன் டயரைத் தடவிப் பார்த்தார்.

"என்ன கொம்பாய், நம்ம பொண்ணை இந்த மொட்டையிலயா கூட்டிட்டுப் போகப்போறீங்க?"

"மொட்டை இல்ல. கொஞ்சம் நெத்தி ஏறியிருக்கு. உன்னை மாதிரி."

"என் தலைக்குத் தொப்பி இருக்கு. மழை ரோட்டுல இதுக்கு என்ன இருக்கு? நாலும் புதுசா மாட்டிடறேன். என் கல்யாணப் பரிசா இருக்கட்டும்."

"போன்சே வரைக்கும் தாங்கும்."

"பார்த்தீங்களா?"

"தாங்கும்டா."

சுவர் டயர்கள் ஏறின. பரிசோதனை நிலையத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் பழைய டயர்கள் திரும்பி ஏறின. போகும் வழியெல்லாம் எலியூத் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே போனார். வீடு சேர்ந்தபோது, பரிசோதனையில் தேறியது இந்தப் பழைய டயர்கள்தான் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை, காலை 6:10.

காரைத் துடைக்கப் போனார். இடது முன் டயரில் ஒரு செப்புக்காசு சொருகியிருந்தது. லிங்கன் தலைகீழாக. உச்சிமுடி மறைந்தும் மறையாமலும்.

நான்கு டயர்களிலும் ஒவ்வொன்று.

நான்கையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் காப்பி குடித்தார். 6:25-க்குத் திரும்பி வந்தார். நான்கு டயர்களிலும் காசு இருந்தது. பையைத் தொட்டுப் பார்த்தார். பையிலும் நான்கு.

புதிதாக வந்தவற்றைப் பிடுங்கினார். வெதுவெதுப்பாக இருந்தன... யாரோ இவ்வளவு நேரம் கையில் மூடி வைத்திருந்ததுபோல.

யாரெலிஸ் சமையலறையில் நகங்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"நீயா வச்ச?"

"எதை, பாப்பி?" அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"டயர்ல காசு."

"பத்து விரலும் ஈரமா இருக்கு. இதோட போய்க் குனிஞ்சு டயருக்குக் காசு வைப்பேனா? அதெல்லாம் அம்மாதான்..." நிறுத்திக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அம்மாவோட தலைவலி மருந்தை எடுத்தீங்களா? வீடு பூரா அந்த வாசம்."

"இல்ல."

நெரெய்தா நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் இலைமருந்து அது. சாராயத்தில் ஊறிய இலைகளின் வாசம். பாட்டிலை எட்டு மாதம் முன்பே கொட்டியாயிற்று.

எலியூத்துக்குப் பயம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

மாலை 3:05. போன்சேயில் தையற்காரரிடம் இருந்த கோட்டை வாங்கி வரக் கிளம்பினார். 3:20-க்கு மழை பிடித்தது.

3:22. இரண்டாவது வளைவு. பக்கத்து இருக்கையின் கதவு, டக் என்று திறந்துகொண்டது.

நிறுத்தினார். சாத்தினார். கிளம்பினார்.

3:26. மறுபடி திறந்தது.

இம்முறை சாத்தி, பூட்டுக் குமிழை அழுத்தினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

3:31.

டக்.

கதவு ஆடிக்கொண்டிருந்தது. மழை உள்ளே அடித்தது. குமிழ் அழுத்தியது அழுத்தியபடியே இருந்தது... பூட்டிய கதவு பூட்டியபடியே திறந்திருந்தது.

வண்டிக்குள் இலைமருந்து வாசம்.

எட்டி இழுத்துச் சாத்தினார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

பின்னால் ரோட்டில் ஒருத்தி நடந்து வந்துகொண்டிருந்தாள். பூப்போட்ட வீட்டுக் கவுன். ரப்பர் செருப்பு. அவசரமில்லாத நடை.

எலியூத் முப்பது மைல் வேகத்தில் போனார்.

அவள் பின்தங்கவில்லை.

நாற்பதுக்குப் போனார்.

அதே நடை. அதே தூரம்.

இவ்வளவு மழையில் செருப்பு நனையுமே என்று மட்டும் நினைத்துக்கொண்டார். பிறகு கவனித்தார். கவுன் நனையவில்லை. தலைமுடி நனையவில்லை.

3:40. கொஞ்சம் அகலமான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

மழைச் சத்தம்.

பிறகு... செருப்புச் சத்தம்.

காருக்கு வலதுபுறம் வந்து நின்றது. முழங்கால் மடங்கும் சத்தம். நெரெய்தாவின் முழங்கால் அப்படித்தான் சொடுக்கும்.

டிக்.

வலது பின் டயர்.

செருப்பு நகர்ந்தது.

டிக்.

வலது முன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

செருப்பு காரின் முன்னால் சுற்றி வந்தது. கண்ணாடி வழியே பார்த்தார். யாருமில்லை. நின்றுபோன வைப்பர்கள் மட்டும்.

காரின் இடதுபுறமாகப் பின்னே போனது.

டிக்.

திரும்பி முன்னே வந்தது. அவர் கதவருகில் நின்றது.

டிக்.

நான்கு.

காத்திருந்தார்.

டிக்.

ஐந்தாவது சத்தம் வெளியிலிருந்து வரவில்லை... அவர் காலுக்குக் கீழே, டயருக்கு உள்ளேயிருந்து வந்தது.

செருப்புச் சத்தம் மறுபடி கேட்கவில்லை.

 பிறகு வண்டியைக் கிளப்பி, வந்த வழியே திருப்பினார். இருபது மைலுக்கு மேல் போகவில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற இடது முன் டயருக்குள் ஏதோ உருண்டு விழுந்துகொண்டே வந்தது.

டிணிங்... டிணிங்... டிணிங்...

பக்கத்துக் கதவு திறக்கவில்லை.

4:35-க்குச் செகியின் கடை. செகி கடையை மூடிக்கொண்டிருந்தார்.

"நாலும் மாத்து, கொம்பாய்."

"நேத்து கொஞ்சம் நெத்திதான் ஏறியிருக்குன்னு என்னமோ சொன்னீங்க?"

"மாத்து."

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

செகி ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இடது முன் சக்கரம் கழன்றது. செகி அதைத் திருப்பிப் போட்டார். அப்படியே குந்திவிட்டார்.

டயரின் வெளிப்பக்கத்தில் பட்டன் இருந்தது. காருக்கு உள்ளே பார்த்த ஓரத்தில் ரப்பரே இல்லை. இந்த மாதிரி தாழ்ந்த கார்களில் சக்கரம் லேசாக உள்ளே சாய்ந்து நிற்கும். உள்ஓரம்தான் முதலில் தேயும். படுத்துப் பார்த்தால்தான் தெரியும். பரிசோதனை நிலையத்தில் படுத்துப் பார்த்திருப்பார்கள். அவர்கள் பார்த்தது சுவர் டயரை. இங்கே நூல் வெளியே வந்து, அதற்குள் இருக்கும் கம்பி துடைப்பம்போல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை அகலத்துக்குக் கம்பியும் அறுந்திருந்தது.

"இது போன்சே போயிருக்காது" என்றார் செகி. "அந்தப் பெரிய வளைவையே தாண்டியிருக்காது. நாளைக்கு அவ உக்கார்ந்து..."

"கழட்டு" என்றார் எலியூத்.

ரிம்மிலிருந்து டயரைப் பிரித்தார் செகி. உள்ளே, வழக்கம்போல், மாட்டிய தேதியை மஞ்சள் சாயத்தில் அவரே எழுதி வைத்திருந்தார். 14 மார்ச் 2014. அன்றிலிருந்து இந்த டயர் ரிம்மை விட்டு இறங்கியதில்லை.

தேதிக்குப் பக்கத்தில் ஒரு செப்புக்காசு கிடந்தது.

அந்தக் காசை நான் என் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். செகி இன்றும் வைத்திருக்கிறார். புத்தம் புதிது. அதில் அச்சிட்டிருக்கும் வருடம் 2019.

சனிக்கிழமை காலை யாரெலிஸ் புது டயர்களில் மலையிறங்கினாள். கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஒன்பது ஐம்பதுக்குக் கோயில் வாசலில் நின்றார்கள். எலியூத் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அழவில்லை, சிரிக்கவுமில்லை.

இன்னும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மலைப்பாதையில் என்ன நடந்தது என்று எலியூத் இன்றுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடமும் பேசியதில்லை.