காணாமல் போன மூன்று எழுத்துகள்

போன சனிக்கிழமை லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் வகுப்பு. பழைய அரபு இலக்கண நூல்களைத் தமிழ் வழியாகப் படிக்கும் ஏழெட்டுப் பேர். எனக்குச் சம்பளம் ஒரு தேநீர்.

அதில் ராபியா என்று ஒரு நர்ஸ், கீழக்கரைக்காரர். ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். என் கலைச்சொல் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார்.

"சார், மஜ்ஹூர் எழுத்து மூலத்துல பத்தொன்பது இருக்கு. உங்க புத்தகத்துல பதினாறுதான். மூணு எங்க போச்சு? அச்சுப்பிழையா?"

"ஓம், அச்சுப்பிழைதான்" என்றேன்.

பொய். எழுபத்தெட்டு வயதில், ஒரு வகுப்புக்கு முன்னால், கூசாமல்!

விஷயம் இதுதான். ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அரபு இலக்கணக்காரர்கள் ஒலிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வகைக்கு மஜ்ஹூர் என்று பெயர். அழுத்தம் தீரும்வரை மூச்சை ஓடவிடாத எழுத்து என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அகராதியை என்னோடு சேர்ந்து தொகுத்தவர் ஜமீல். யாழ்ப்பாணத்தவர், மதரசாவில் அரபு படித்தவர். "சொல்லை அப்பிடியே விடுவம் அண்ணை. கீழ அவையள் சொன்ன விளக்கத்தைப் போடுவம்" என்றார்.

எனக்கு அது போதுமா? லண்டனில் மொழியியல் பட்டம் வாங்கியவன் அல்லவா! 'தொண்டை அதிரும் ஒலி' என்று நவீனமாக மொழிபெயர்த்தேன். பதினாறு எழுத்துக்கு அழகாகப் பொருந்தியது. ஹம்ஸா, காஃப், அழுத்தமான தா... இந்த மூன்றும் மசியவில்லை. இன்று அவற்றை உச்சரித்தால் தொண்டை அதிராது.

நேர்மையான மனிதன் என்ன செய்வான்? தன் மொழிபெயர்ப்பைச் சந்தேகிப்பான். நான் மூலத்தைத் திருத்தினேன் — சிவப்புப் பேனாவால் மூன்றையும் வெட்டினேன்.

ஜமீல் புரூஃபில் கண்டுபிடித்தார். "மூலத்தில கை வைக்க ஏலாது, அண்ணை."

"உதெல்லாம் மதரசாவில சொல்லித் தந்திருக்க மாட்டினம்" என்றேன்.

எழும்பிப் போய்விட்டார். தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் வந்தது. எடுத்தேன். நிம்மதியாகவே எடுத்தேன்.

இப்போது இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. அதே பதினாறு எழுத்துகளோடு.

வகுப்பு முடிந்ததும் ரயிலேறி, ஜமீல் இருக்கும் பார்க்கிங் என்ற ஊருக்குப் போனேன். ஒரே ஒரு ஸ்டேஷன். அதைக் கடக்க எனக்கு இருபத்திரண்டு வருடம்!

கதவைத் திறந்தார் ஜமீல். தாடி முழுக்க வெள்ளை.

"வாங்கோ அண்ணை. ஆரோ எண்ணிப் பார்த்திட்டினம் போல?"

"ஓம். ஒரு நர்ஸ்."

"நாடி பார்க்கிற கை. எண்ணாமல் விடுமே?"

"இந்தப் பதிப்பில உம்மட பேரையும் போடுறன், ஜமீல். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"என்ர பேரை விடுங்கோ. மூன்றையும் திருப்பிப் போடுங்கோ. ஆர் வெட்டினது எண்டும் எழுதுங்கோ. அதுக்குப் பிறகு பேரைப் பற்றி யோசிப்பம்."

மூன்றையும் திருப்பிப் போட்டு, வெட்டியது நான்தான் என்று முன்னுரையில் எழுதிவிட்டேன். ஆனால் அகராதியின் முன்னுரையை யார் வாசிக்கிறார்கள்? அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

ராபியா, அது அச்சுப்பிழை இல்லை.