ஆக்சுவலி படுத்திய பாடு

ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திப் பிழைத்த என் இனத்தாரே, இந்தத் தொழிலில் தெரியாத கிராமர் நம்மை ஒன்றும் செய்யாது, தெரிந்த வார்த்தைதான் மானத்தை வாங்கும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருப்போரூரில் ஒரு சிமெண்ட் கடை மாடியில் என் கிளாஸ். நாவலூர் கம்பெனியில் வேலை கிடைத்த ஒரு பையன், இன்டர்வியூல 'ஆக்சுவலி'ன்னு ஆரம்பிச்சதாலதான் கெடைச்சுதுன்னு கிளப்பிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான், எல்லாருக்கும் அது வேண்டும். முக்கியமாக, திருவிடந்தை மலருக்கு. இறால் உரித்து உரித்து விரலெல்லாம் புண் அவளுக்கு. கடற்கரை ரிசார்ட்டில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்து சேர்ந்தாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவேண்டுமே என்று எனக்குத்தான் கவலை.

அர்த்தம்

'உண்மையில்' என்று போர்டில் எழுதிப்போட்டேன். மறுநாளிலிருந்து வெல்டிங் பட்டறை தனசேகர், பேர் கேட்டாலும் "ஆக்சுவலி, ஐ ஆம் தனசேகர்" என்றே சொன்னார். உங்க பேருக்கு எதுக்குய்யா அது என்று கடுப்படித்தேன்.

"வேற எவனாவது நான்தான் தனசேகருன்னு வந்து நின்னா இன்னா சார் பண்றது?"

பூர்வீகம்

ஒரு பையனின் அப்பா, பஸ் கண்டக்டர், டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். பையன் வீட்டில் ஆக்சுவலி என்கிறானாம், அதற்கப்புறம் பேச்சே வரவில்லையாம். அது எந்த ஊர் வார்த்தை என்றார். நானும் சும்மா இல்லாமல், லத்தீனில் பிறந்து பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து போய், அங்கிருந்து நமக்கு வந்தது என்று பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"லத்தீன்லேர்ந்து திருப்போரூர் வரைக்கும் அது வந்துட்ச்சு. இங்கேர்ந்து அடுத்த வார்த்தைக்கு எம்புள்ள எப்ப சார் போவான்?"

ரிசார்ட்டில்

பதில் வரவில்லையென்றால் ஆக்சுவலி என்று சொல், யோசிக்க நேரம் கிடைக்கும் என்று மலருக்குச் சொல்லியிருந்தேன். இன்டர்வியூ அன்று கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன். வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னம்மா ஆச்சு என்றேன்.

"ஏன் இந்த வேலைன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு மேனேஜரு. ஆக்சுவலின்னேன். அப்பால ஒண்ணும் வர்ல சார். அவரும் ஆக்சுவலின்னாரு. அவருக்கும் வர்ல. ரெண்டு பேரும் கடலப் பாத்துகினு குந்தினு இருந்தோம். அப்பறம், 'திங்கக்கெழம வந்துடும்மா'ன்னாரு."

அதன்பிறகு அந்த வார்த்தைக்கு அர்த்தமும் பூர்வீகமும் நடத்துவதை விட்டுவிட்டு, அதைச் சொன்னபின் எப்படிக் கூசாமல் கடலைப் பார்ப்பது என்பதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்.