சனிக்கிழமை நன்றி மனுக்கள்

ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்கும். கூடவே லேசாகக் கருகினாற்போல் ஒரு வாசமும் வரும். வேங்கிக்காலில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ப்புறம் அப்பா வைத்திருந்த சின்னக் கடையில்தான் அந்தச் சூடும் வாசமும் எனக்குப் பழக்கமாயின. அப்பா நகல் எடுத்துக் கொடுப்பதோடு, எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதத் தெரிந்தும் அதிகாரிக்கு எப்படி எழுதுவதென்று தெரியாதவர்களுக்கும் மனு எழுதித் தருவார். கோணலாக விழுந்தவை, மை அப்பிக் கறுத்துப்போனவை என்று வீணான தாள்களைத் தூக்கிப் போடாமல் மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். எங்கள் வீட்டில் அவற்றுக்கு "முதுகுத்தாள்" என்று பெயர். முன்பக்கம் பாதி அழிந்த ஏதோ ஒரு விண்ணப்பம் இருக்க, அதன் முதுகில் நானும் தங்கை யாழினியும் கணக்குப் போடுவோம், கட்டுரை எழுதுவோம், சண்டை வந்தால் ஒருவரையொருவர் கோரமாக வரைவோம். எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த ஒரு வருஷம் முழுக்க அவைதான் எங்கள் நோட்டுப் புத்தகங்கள், ஏனென்றால் அந்த வருஷம் நாங்கள் பள்ளிக்கூடம் போகவில்லை.

அதற்கு முந்தைய தை மாதத்தில், காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றிருந்த எட்டு வயது யாழினி அப்படியே சாய்ந்து விழுந்தாள். வலிப்பு. டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை தந்தார்கள், ஆனாலும் அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று தடவை வந்தது. அம்மா அதே பள்ளியில் கணக்கு டீச்சர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தபோது, மற்ற பிள்ளைகள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்திருக்க, யாழினி மட்டும் கடைசி பெஞ்சில் தனியாக டிபன் டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாளாம். அந்த வருஷத்துப் பரீட்சை முடிந்ததும் அம்மா வேலையை விட்டாள். மே மாதத்தில் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே, "ஜூன்லேருந்து ரெண்டு பேரும் வீட்டுலயே படிக்கப் போறீங்க" என்றாள்.

"நானுமா?" என்றேன்.

"நீயுந்தான்" என்றாள், மடித்த துணியை அலமாரியில் வைக்கத் திரும்பியபடியே. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் கோகோ அணியில் இருந்தேன். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக வருவேன். ரேவதி என்று உயிருக்குயிரான ஒரு சிநேகிதி இருந்தாள். இவை எல்லாவற்றையும் என்னிடமிருந்து ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டார்களே என்று குமுறினேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. யாழினிக்கு வலிப்பு வந்து அடங்கிய பின் அம்மாவின் முகம் எப்படி ஆகும் என்று பார்த்திருந்ததால், அந்த முகத்தின் முன்னால் போய் நின்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலை எட்டே காலுக்குத் தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது மட்டும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

வீட்டுப் பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்குத் தொடங்கும். அடுப்படியிலேயே பாதிப் பாடம் நடக்கும். இட்லிக்கு அரிசிக்கும் உளுந்துக்கும் என்ன விகிதம், கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரியப்பா கொடுத்தனுப்பிய மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, உரித்தால் தோல் எத்தனை பங்கு, பருப்பு எத்தனை பங்கு என்று அம்மா கேட்டுக்கொண்டே தாளிப்பாள். பதில் தப்பென்றால் "மறுபடி பாரு" என்பாளே தவிரத் திட்டமாட்டாள். பௌர்ணமியன்று வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதால், கிரிவலம் வரும் கூட்டம் எங்கள் தெரு வழியாகவும் நடந்து போகும். அன்றைக்குப் பாடம் கிடையாது. வாசலில் குடம் வைத்துக்கொண்டு யாழினி எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுப்பாள், எந்த ஊர் என்று விசாரிப்பாள், சாயங்காலம் வரைபடத்தில் அந்த ஊர்களையெல்லாம் தேடிக் கண்டுபிடிப்பாள். பள்ளியில் ஊமைபோல் இருந்த பெண் இப்படி வாயாடுகிறாளே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான், கோபத்துக்கு நடுவிலேயே.

நன்றி மனுக்கள் தொடங்கியது ஆடி மாதத்தில். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, ஏதோ நினைவு வந்தவராக, "இத்தனை வருஷமா மனு எழுதறேன். குறை இருக்குதுன்னுதான் எல்லாரும் வர்றாங்க. அது தீந்த பிறகு, நல்லது நடந்துச்சு, அதை எழுதிக் குடுங்கன்னு ஒருத்தர்கூட வந்ததில்ல" என்று சொன்னார். வருத்தமாக அல்ல, வானிலை சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மறுநாள் தமிழ்ப் பாடத்தில் எங்களுக்குப் புது வேலை வந்தது: சனிக்கிழமைதோறும் வீட்டில் ஆளுக்கொரு "நன்றி மனு" எழுத வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள், கையொப்பம் எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும்கூட எழுத வேண்டும்.

அப்பாவால் கடை மொழியை விட முடியவில்லை. "மேற்படி நபர் நேற்று மதியம் வெயிலென்றும் பாராமல் எனக்குச் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தமைக்கு" என்று என்னைப் பற்றி எழுதினார். யாழினி தண்ணீர் லாரிக்காரருக்கு எழுதினாள், மாத்திரையைத் தேனில் குழைக்கக் கண்டுபிடித்தவருக்கு எழுதினாள், கொசுவைத் தின்பதற்காகச் சுவரில் இருந்த பல்லிக்கும் எழுதினாள். நான் வேண்டா வெறுப்பாக, "இந்த வாரம் கத்திரிக்காய் சமைக்காமல் இருந்ததற்கு நன்றி" என்று ஒரே வரியில் முடித்தேன். அம்மா அதையும் படித்து, "பெறப்பட்டது" என்று சிவப்பு மையில் எழுதிக் கோப்பில் சேர்த்தாள். எதற்காவது கோபிப்பாள் என்று பார்த்தால் அதுவும் நடக்காதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் வடிந்த வாரம் அது. வியாழக்கிழமை காலை அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நான் யாழினிக்கு ஆங்கிலம் சொல்வதெழுதுதல் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் கையிலிருந்த பென்சில் நழுவியது. கண் மேலே செருகியது. டாக்டர் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தபோது நானும் பக்கத்தில் நின்று கேட்டிருந்தேன். அவளைக் கீழே படுக்கவைத்து ஒருக்களித்துத் திருப்பினேன், தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தேன், நாற்காலியைத் தள்ளிப் போட்டேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு அத்தை, "கையில சாவி குடுடி, இரும்பு குடு" என்று சாவிக் கொத்தை நீட்டினார். "வேணாம் அத்தை, தானா நின்னுடும். எதையும் குடுக்கக் கூடாது" என்று சொன்னது என் குரல்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. இரண்டு நிமிஷத்துக்குச் சற்றுக் கம்மி. அம்மா வந்தபோது யாழினி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவின் நன்றி மனு எனக்கு வந்தது. ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேனே, அதற்குத் தனியாக ஒரு பத்தி. படித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. எனக்கு யாருடைய நன்றியும் வேண்டாம், என் பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்று மனசுக்குள் கத்தினேன். அந்தத் தாளை நான்காகக் கிழித்துத் தலையணைக்கடியில் வைத்தேன். பிறகு, அப்பா வீட்டில் வைத்திருந்த புதுத் தாள்கட்டிலிருந்து இருபக்கமும் வெள்ளையான ஒரு தாளை உருவி, என் வாழ்க்கையின் முதல் குறை மனுவை எழுதினேன். பெறுநர், மாவட்ட ஆட்சியர் அவர்கள். பொருள், உடல்நலத்துடன் இருக்கும் என்னைப் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பாதது குறித்து.

திங்கட்கிழமைதான் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். அப்பாவுக்குத் தலை நிமிர நேரமில்லாத நாளும் அதுதான். ரேவதி வீட்டில் பழைய புத்தகம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, கடைக்கு எதிரே வராமல் சுற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தலையில் முக்காடிட்டு ஒரு பெண் நின்றிருந்தார். அவர் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை பஸ் நின்றுபோயிற்றாம்.

"எங்க ஊர்ல நாலு பொண்ணுங்க பஸ் இல்லாம படிப்ப வுட்டுட்டாங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்றவர், என் கையில் இருந்த தாளைப் பார்த்து, "உனக்கு இன்னா கண்ணு குறை?" என்று கேட்டார்.

"ஸ்கூலுக்குப் போகணும்."

"அம்மா அப்பா இல்லியா?"

"இருக்காங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய தலை, இஸ்திரி போட்ட பாவாடை. பிறகு வரிசையில் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத்தான் முகம் சுட்டது.

மனுக்களைப் பதிந்துகொண்டிருந்த அம்மையார் என்னுடையதை நிதானமாகப் படித்தார். "யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்றார்.

"நானேதான் மேடம்."

"ஸ்கூலுக்கே போகலன்ற, பிழையில்லாம எழுதியிருக்க?"

"வீட்டுல அம்மா சொல்லிக் குடுக்கறாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் மனுவுக்கே எதிரான சாட்சி என்று உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். பேனாவை மூடிவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. ஆனா மேல வர்றதுக்கு முன்னாடி கீழ குடுத்தியான்னு ஒண்ணு இருக்கு. இத அம்மாகிட்ட குடுத்தியா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். "மொதல்ல அங்க குடு. பதில் வரலன்னா அடுத்த திங்கக்கிழமை என்கிட்ட வா. நானே வாங்கிக்கறேன்" என்று தாளை மடித்து என் கையில் வைத்தார்.

வீட்டுக்குப் போய் நேராக அம்மாவிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள். "பெறுநர்" என்ற இடத்தில் அவள் பார்வை சற்று நேரம் நின்றது. பிறகு சமையலறைக்குள் போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது, நடுவில் அது நின்றது, மறுபடியும் கேட்டது. மாலையில் அப்பா வந்து படித்துவிட்டு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ, "நம்ம கடையில எழுதினதைவிட நல்லாவே இருக்குது" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் காலை என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு உறை இருந்தது. முறைப்படியான பதில். "தங்கள் மனு கவனமாகப் படிக்கப்பட்டது. ஒருத்தியை மட்டும் வீட்டில் நிறுத்தினால் அவள் தன்னை நோயாளி என்று நினைத்துக்கொள்வாள், இரண்டு பேர் இருந்தால்தான் அது பள்ளிக்கூடம் என்று நினைத்தோம். அதற்காகத் தங்களிடமிருந்து ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டோம். தங்களைக் கேட்காமல் எடுத்தது தவறு. வரும் ஜூன் மாதம் தாங்கள் பள்ளியில் சேரலாம்." கீழே, முறையெல்லாம் மறந்து, "கேட்டிருந்தாலும் நீ சரின்னுதான் சொல்லியிருப்ப பவி. அந்தத் தைரியத்துலதான் கேக்காம வுட்டேன். அதுதான் ஜாஸ்தி தப்பு" என்று எழுதியிருந்தாள்.

நான் அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அப்படியெல்லாம் செய்யும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாப்பிட்டு முடித்து, அவள் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

அந்த வாரச் சனிக்கிழமை யாழினியின் நன்றி மனு எனக்கு வந்தது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "அக்கா எனக்காகத்தான் ஸ்கூலுக்குப் போகாமல் இருந்தாள். எனக்கு முதல் நாளே தெரியும். எட்டே கால் ஆனால் பாத்ரூமில் அழுவாள். அதுவும் தெரியும். இனிமேல் அவள் போகட்டும். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன்" என்று கோணல் எழுத்தில் இருந்தது. எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரியாமல் காப்பாற்றுவதாக நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருக்க, அவளல்லவா எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜூன் வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதமும் நான் மனசாரப் படித்த காலம். எட்டே கால் மணிக்கு நானும் அவளுமாக வாசலில் நின்று வேனுக்குக் கையாட்டுவோம்.

நான் பள்ளிக்குத் திரும்பினேன். யாழினி இன்னும் இரண்டு வருஷம் வீட்டில் படித்துவிட்டு அரசு பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது எங்கள் ஊரிலேயே மருந்தாளுநராக இருக்கிறாள். அப்பா கடையை மூடி நாளாகிறது. மனுக்களைச் செல்போனிலேயே போட்டுவிடுகிறார்கள். அப்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் வயலுக்கப்பால் முழு மலையும் தெரியும். வயல் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி வீடுகள், மலையில் ஒரு கீற்றுதான் மிச்சம். கோப்பிலிருந்த மனுக்களும் ஒரு மழைக்காலத்தில் கரையானுக்குப் போயின.

யாழினிக்கு வலிப்பு நின்று பல வருஷமாகியும் வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று இருந்தது. இந்தச் சித்திரையில் டாக்டர் அதற்கும் சரி சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை காலை, புது ஸ்கூட்டரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, "ஏறு பவிக்கா, கிரிவலப் பாதை ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்றாள். பின்னால் உட்கார்ந்தேன். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனை திரும்பும் வரை, மெதுவாகப் போ என்றுகூட அவள் சொல்லவில்லை.